மெலனியின் அறுபத்தொரு நகல்கள்

“அழி,” என்றாள் அஜந்தா.

பெட்டிக்குள் கிடந்த அவள் கணவர் உருத்திரமூர்த்தி ஒன்றும் சொல்லவில்லை. உயிரோடிருந்தால் குறுக்கே விழுந்திருப்பார்.

லவால் நகர மரணச்சடங்கு மண்டபத்துக்குச் சனம் வர இன்னும் அரை மணி இருந்தது. அவளுடைய தம்பி றூபன், செத்தவரின் லாப்டொப்பை மடியில் வைத்து, பெரிய திரையில் படங்கள் ஓடவிடப் பார்த்தான். படங்களை இறக்க டிஸ்கில் இடமில்லை. உருத்திரமூர்த்தி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பக்கப் எடுக்கிறவர். சாமான் வாங்கும் துண்டுக்கும் நகல், அந்த நகலுக்கும் நகல். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஐஸ் புயலில் வீட்டைவிட்டு இறங்கியபோது டிஸ்கைத்தான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். மகள் சாம்பவியை அயல்வீட்டு நாய்தான் சறுக்குப் பலகையில் இழுத்து வந்தது.

லாப்டொப்பின் கறுப்புத் திரையில் பழைய பக்கப்புகளின் பட்டியல். அறுபத்தொன்றுக்கு ஒரே பெயர்: மெலனி. சென்ட் லோரன்ட் பக்டரியில் அவரோடு வேலை செய்தவள்.

“திறந்து பாக்காமலே அக்கா?”

“என்ரை பேரிலை எத்தினை கிடக்கு?”

றூபன் தேடினான். “ஒண்டுமில்லை.”

“பேந்தென்ன? அழி.”

கட்டளையை அடித்தான். அறுபத்தொரு வரிகளும் மறைந்தன. இடம் மட்டும் கூடவில்லை.

“இப்ப பேர்தான் போயிருக்கு. சாமான் உள்ளுக்கைதான். கொம்பாக்ட் எண்டு இன்னொரு கட்டளை குடுத்தால்தான் முழுசாப் போகும். குடுக்கட்டே?”

அவள் பதில் சொல்லுமுன் கதவு திறந்தது. எழுபது வயது வெள்ளைக்காரி ஒருத்தி நேரே பெட்டியடிக்குப் போனாள். அஜந்தா மூன்று நாளாக வரும் வரும் என்று பார்த்திருந்த அழுகையை அவள் அரை நிமிஷத்தில் அழுது முடித்தாள். பிறகு வந்து, தான் மெலனி என்று பிரெஞ்சில் சொல்லி அஜந்தாவின் கையைப் பிடித்தாள். இறந்துபோன தன் மகனின் படமும் குரலும் தன்னிடம் இல்லை என்றாள். வீடு எரிந்தபோது போய்விட்டன. மூர்த்தி எடுத்துவைத்த நகல்தான் மிச்சம்.

“மூர்த்தி எப்பவும் பத்திரம் எண்டுதான் சொல்லுவார். இப்பவும் பத்திரம்தானே?”

மூர்த்தியாம். முப்பத்தெட்டு வருஷத்தில் அஜந்தா ஒருநாளும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

றூபனின் விரல் விசையில் இருந்தது.

“குடுக்காதை,” என்றாள். “போனதுகளைத் திருப்பி எடுக்கலாமே?”

“எடுக்கலாம். ஆனால் இடம் வராது. படங்கள் ஓடாது அக்கா.”

“ஒரு படம் காணும்.”

மெலனியிடம் திரும்பி, “உய், பத்திரம்தான்,” என்றாள்.

பெரிய திரையில், பஸ் பாஸுக்கு எடுத்த ஒரே படத்தில், சிரிக்காமல், உருத்திரமூர்த்தி மூன்று மணி நேரம் சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அஜந்தா பக்கத்துக் கதிரையிலிருந்த கைப்பையை எடுத்து மெலனிக்கு இடம் விட்டாள். கண் துடைக்கும் டிசுப் பெட்டியை மட்டும் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.