மூளைக்குப் போடும் செல்

சமாதான காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டி வன்னிக்குள் வந்த சாமான்களில், சீமெந்துக்கு அடுத்தபடி அதிகம் இறங்கியது நிபுணர்கள்தான். 2004இல் தர்மபுரத்துக்கு லண்டனிலிருந்து டொக்டர் வீரகத்தி வந்தார். மாலை, பொன்னாடை, பன்னீர். அவரை அறிமுகம் செய்ய எழும்பியவர் தன்னை அறிமுகம் செய்து முடிக்கவே பாதிக் கூட்டம் போய்விட்டது.

முன்வரிசையில் பத்மாசனி தன் புருஷன் வீரபாகுவின் கையைப் பிடித்தபடி இருந்தாள். சண்டைக் காலத்தில் குண்டுத் துண்டொன்று மண்டைக்குள் போனதிலிருந்து அவனுக்குப் பேச்சில்லை. சோறு தீத்திவிடுபவள் யார் என்றும் தெரியாது. ஒருதரம் அவன் வாயால் தன் பெயரைக் கேட்டால் போதும் என்றுதான் வந்திருந்தாள்.

"இனிக் கவலை வேண்டாம். மூளைக்குள்ள செல் போட்டால் பேச்சு வரும்," என்றார் டொக்டர்.

வன்னியில் பீரங்கிக் குண்டுக்கும் செல் என்றுதான் பேர்.

"அதைத்தானே டொக்டர் ஏற்கெனவே போட்டவங்கள்," என்றது பின்வரிசை.

டொக்டர் சிரிக்கவில்லை. இது ஸ்டெம் செல், எலும்புக்குள்ளிருந்து எடுப்பது, செத்த இடத்தில் புதிதாய் முளைப்பது என்று விளக்கினார்.

"ஆருக்கும் போட்டுச் சுகம் வந்ததோ, ஐயா?" பத்மாசனி கேட்டாள்.

"எலியளில நல்ல முன்னேற்றம்."

"எங்கட எலியளுக்கு மூளை முந்தியே கூட," என்றது பின்வரிசை. "நெல்லு மூட்டையைப் பாருங்கோ."

டொக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. மேசையில் ஓங்கிக் குத்தி, "செல் எண்டால்..." என்று தொடங்கினார்.

சத்தமும் சொல்லும் ஒன்றாய் விழுந்தன. வீரபாகு பாய்ந்து பத்மாசனியை மேசைக்குக் கீழே இழுத்து, அவளுக்கு மேல் கவிழ்ந்து படுத்தான்.

"பத்மா, காதைப் பொத்து."

மேசை சரிந்து டொக்டரின் வெள்ளைக் காற்சட்டையெல்லாம் பன்னீர். நோயாளி கட்டுப்பாடில்லாதவர், சிகிச்சைக்குத் தகுதியில்லை என்று அங்கேயே தீர்ப்புச் சொன்னார். சிகிச்சையே இன்னும் பிறக்கவில்லை என்பது அவருக்குப் பெரிய விஷயமில்லை.

அதற்குப் பிறகு, மனம் தாங்காத நாட்களில் பத்மாசனி கதவைச் சாத்திக்கொண்டு அரிசித் தகரத்தில் ஓங்கி அடிப்பாள். "இஞ்சாருங்கோ, செல் வருது."

அவன் அவளை இழுத்து மேலே கவிழ்ந்து படுப்பான். "பத்மா, காதைப் பொத்து."

அவள் பொத்துவதில்லை.

செல் போட்டால் பேச்சு வரும் என்று டொக்டர் சொன்னதில் பிழையில்லை. சண்டை ஊருக்குள் வந்த 2009 தை மாதம் தகரத்தில் அடிக்கத் தேவையே வரவில்லை. பதுங்குகுழிக்குள் வீரபாகு நாள் முழுக்க அவள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.