யாரும் இல்லாத அறைகளுக்குச் சூடு

"ஒக்கோ ஐயா, கேஸை எரிச்சு ரோட்டையா சூடு பண்றீங்க?" என்று கத்திவிட்டேன்.

வெளியே பனி கொட்டுகிறது. அவர் பிள்ளைகள் காலி செய்துபோன மாடி அறைகளில் ஜன்னல்கள் விரியத் திறந்திருக்கின்றன. அடியில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் கொதிக்கின்றன.

நிலவறையில் நான் மாட்டிக்கொடுத்த கேஸ் இயந்திரம் கரண்ட்டும் தரும், வீட்டுக்குச் சூடும் தரும். வீடு சூடேறியதும் தானாக நின்றுவிடும்.

"ஜன்னலை மூடினா அது நின்னுடுதும்மா ஃபென்னா."

"நிக்கட்டுமே! தேவைக்கு ஓடினாத்தானே மிச்சம்?"

"அது நின்னா வீட்ல ஒரு சத்தமும் இல்லம்மா."

ஜன்னல்களை அறைந்து சாத்தினேன்.

கீழே சமையலறையில் தேநீர் ஊற்றினார். விருந்தாளி போதுமென்று கரண்டியைக் கோப்பைக்குள் வைக்கும்வரை ஊற்றிக்கொண்டே இருப்பது எங்கள் ஊர் வழக்கம். மூன்றாவது கோப்பை முடிந்ததும் நான் கரண்டியை உள்ளே வைத்தேன்.

அந்நேரம் பார்த்து, நிலவறையின் உறுமல் நின்றது.

அவர் நிலவறைக் கதவைப் பார்க்கவில்லை. என் கரண்டியைப் பார்த்தார்.

எனக்குச் சரிபார்க்க இன்னும் இரண்டு வீடு பாக்கி. கரண்டியை எடுத்து வெளியே வைத்தேன்.

"ஊத்துங்க," என்றேன்.