இருட்டில் விழுந்த கை

ஊரார் கல்யாணத்தையெல்லாம் கண்ணும் கருத்துமாகப் படமெடுப்பவன், சொந்தத் தங்கை கல்யாணத்தில் கோட்டை விட்டான். முந்தின நாள் விலைக்கு வந்த ஒரு வீட்டைப் படமெடுத்தபோது, ஜன்னல் வெளிச்சத்தைச் சமாளிக்கக் கேமராவைப் பிராக்கெட்டிங்கில் போட்டிருந்தான். மூன்று முறை அழுத்தினால் ஒரு படம் சரியாக வரும், அடுத்தது இருட்டாக, மூன்றாவது வெளுப்பாக. அதை அணைக்காமலே பதிவு அலுவலகத்துக்கு வந்துவிட்டான் மடையன்!

கையெழுத்தெல்லாம் முடிந்த பிறகுதான் திரையைப் பார்த்தான். மூன்றுக்கு ஒன்றுதான் சரியாக இருந்தது.

மற்ற படங்கள் எக்கேடும் கெடட்டும். அந்த ஒன்று? தானே மாப்பிள்ளை தேடிக்கொண்டாள் என்று இரண்டு வருடமாக அவளோடு பேசாத அப்பா, அம்மா கெஞ்சியதால் வந்து பின்னால் நின்றார். அவள் குனிந்து கையெழுத்துப் போடும்போது, அவள் தலைக்கு மேல் கையைக் கொண்டுபோனார். தொடுவதற்குள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பார்த்தது இவன் மட்டும்தான். அந்த நேரத்தில் அழுத்தியும் விட்டான். ஆனால் எந்த அழுத்தல்? இருட்டுப் படமென்றால் தேற்றிவிடலாம். வெளுத்ததென்றால் போச்சு. சாயங்காலம் அவளுக்கு விமானம்.

தாழ்வாரத்துப் பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்து கார்டைச் செருகினான். சரியாக வந்த படத்தில் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளுத்ததில் அவர் நின்ற இடமே தெரியவில்லை. இருட்டுப் படத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்தை ஏற்றினான். தங்கையின் வகிடு தெரிந்தது. அதற்கு மேல், அப்பாடா, கை!

"என்னண்ணா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்று வந்த தங்கை, திரையைப் பார்த்ததும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கார் வந்தாச்சு," என்றார் அங்கே வந்த அப்பா, யாரையும் பாராமல்.

அவள் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். "என்னப்பா இது?"

அப்பா உற்றுப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "கொசு இருந்துச்சு. விரட்டினேன்."

இரண்டு வருடம் கழித்து மகளிடம் பேசிய முதல் பேச்சு, கொசுவைப் பற்றி! அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் முன்னால் தலையைக் குனிந்தாள்.

"இன்னும் அங்கயேதான் இருக்குப்பா."

கை இந்த முறை பாதியில் நிற்கவில்லை. இவன் பாய்ந்து கேமராவை எடுத்தான். கார்டு லேப்டாப்பில்! பதறிப்போய் அதை உருவினான்.

"மெதுவாப் போடுடா," என்றார் அப்பா. கையை எடுக்கவில்லை.