நாலாம் கட்டில்காரர் பெயர்

"பேரைச் சொல்லு" என்றார் சிஸ்டர் பாக்கியலட்சுமி.

பூங்காவனம் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

கையில் தட்டு, தட்டில் ஒரு கிளாஸ். எதிரே நாலாம் கட்டிலில், கண் ஆப்பரேஷன் முடிந்து முகத்தில் பாதியைக் கட்டுக்குள் வைத்திருந்த ஒரு தச்சர். மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இருந்தது வெறும் சர்க்கரைத் தண்ணீர். பரீட்சைக்கு அது போதும். ஆனால் முறை முறைதான். நோயாளியின் பெயரை வாய்விட்டுக் கூப்பிட வேண்டும், அவர் பதில் சொல்ல வேண்டும், அதற்கப்புறம்தான் மருந்து.

"ஐயா, உங்க பேரு என்னங்க?"

"கலியாணசுந்தரம்."

"ஆங், அவருக்குத்தான் இது" என்று கிளாஸை நீட்டினாள்.

"நில்லு!" சிஸ்டரின் குரல் வார்டின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பியது. "அவர் சொன்னது காதில விழுந்துச்சு. நீ சொல்லு."

பூங்காவனத்தின் காது மடல் சிவந்தது. உலகத்தில் எத்தனையோ பெயர் இருக்க, இந்தத் தச்சருக்கு இந்தப் பெயரா வைக்க வேண்டும்?

பக்கத்துக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த செட்டிக் கம்பத்து மீனாச்சிக்குப் பொறுக்கவில்லை. அவளும் பரீட்சைக்கு வந்தவள்தான். மலாய்தான் பேச்சு, தமிழ் அவ்வளவாக வராது. "செபுட் சாஜாலா, பூங்கா! சொல்லித் தொலை!" என்று கிசுகிசுத்தாள்.

சொல்லிவிடலாம்தான். அத்தை மகன் பெயரும் அதுவாக இல்லாமல் இருந்தால்.

தை மாதம் தாம்பூலம் மாற்றியபோதே ருக்மணி அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "இன்னையிலேருந்து அவன் பேரு உன் வாயில வரக்கூடாது. கட்டிக்கப் போறவ பேரைச் சொன்னா ஆம்பளைக்கு ஆயுசு குறையும். அவனோ தம்பின் ரோட்டு வளைவுல மரலோரி ஓட்டுறவன்." அன்று பூட்டிய வாய். அத்தானை அத்தான் என்றே கூப்பிட்டாள். அவனைப் பற்றி மற்றவர்களிடம் பேசும்போது "நம்ம லோரிக்காரரு" என்றாள்.

சிஸ்டர் அவளைத் தலை முதல் கால் வரை அளந்தார். பார்வை கழுத்தில் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு கால் விரல்களுக்கு இறங்கியது.

"பேரைச் சொல்லாம முழுங்குறது யாரு வழக்கம்னு எனக்குத் தெரியாதா? உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

"ஐயோ, இல்ல சிஸ்டர்!"

"போன தடவை ஒருத்தி தாலியைக் கழட்டி முந்தானையில முடிஞ்சுட்டு வந்தா. தட்டை வை. வெளியே போ."

*

ஆஸ்பத்திரி வாசலில் தூங்குமூஞ்சி மரத்தடியில் அத்தையும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். அத்தையின் மடியில் சாப்பாட்டுக் கேரியர். மகன் வாயில் பாதி வடை.

பூங்காவனம் வந்த நடையைப் பார்த்ததும் வடையைக் கீழே வைத்தான் கலியாணசுந்தரம். "என்னா பூங்கா, ஊசியைப் பார்த்துப் பயந்துட்டியா?"

"உங்க பேரைப் பார்த்து" என்றாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

விஷயத்தைச் சொல்லி முடித்தபோது அவன் சிரிப்பதா வேண்டாமா என்று திணறிக்கொண்டிருந்தான். அத்தை சிரிக்கவில்லை.

சிரிக்கிற விஷயமும் இல்லை. நாடு சுதந்திரம் வாங்கிய மறு வருஷம் அது. புதிய சர்க்கார் உதவி நர்ஸ் பயிற்சிக்கு உள்ளூர்ப் பெண்களை எடுத்துக்கொண்டிருந்தது. கேட்ட தகுதியெல்லாம் பூங்காவனத்திடம் இருந்தது. ஏழாம் வகுப்புத் தேறியவள். மலாயாவில் பிறந்தவள். பதினெட்டு தாண்டியவள். தோளில் அம்மை குத்திய தழும்பு. மலாய்ப் பேச்சோ, மலாய்க்காரர்கள் நடுவே காஜா பெராங்கில் வளர்ந்தவளுக்கு அது கூடவே பிறந்தது. கடைசியாக ஒரு நிபந்தனை: கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, பயிற்சி முடியும் ரெண்டு வருஷமும் ஆகக் கூடாது.

அதற்கும் அத்தை ஒப்புக்கொண்டாள். ஆனால் ஒரே ஒரு தடவை. "இதுல தேறினா ரெண்டு வருஷம் காத்திருப்போம். தவறினா வர்ற ஆவணியில தாலி." தாலி ஏறிவிட்டால் அப்புறம் எந்த வருஷமும் அவளை எடுக்க மாட்டார்கள். இன்றைக்கு விட்டால் நர்ஸ் உடுப்பு இந்த ஜென்மத்தில் இல்லை. இப்போதுபோலத் தையல்கடையில் பித்தான் வைத்துக்கொண்டே கிழவியாக வேண்டியதுதான்.

"கல்யாணம் ஆகலைன்னு நான் வந்து சத்தியம் பண்றேன்" என்று எழுந்தான் கலியாணசுந்தரம்.

"ஆம்பளையைக் கூட்டிட்டுப் போய் நின்னா சந்தேகம் தீர்ந்துடும் பாருங்க!"

"அப்ப பேரைச் சொல்லிடு. எனக்கு ஒண்ணும் ஆகாது. எங்க, இப்பச் சொல்லு. க..."

"க..."

"லி..."

"போங்க அத்தான், நாக்கு ஒட்டிக்குது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு அந்த வளைவுல உங்களுக்கு ஏதாச்சும்னா, நான் சொன்னதாலதான்னு ஆயுசு முழுக்க நெனைச்சுட்டே இருப்பேன்."

அவன் முகத்திலிருந்த கிண்டல் கழன்று விழுந்தது. மீதி வடையை எடுத்து அவளிடம் நீட்டினான்.

அத்தை கேரியரைத் தரையில் வைத்தாள். சேலையை உதறிச் செருகினாள். "வாடி உள்ள" என்றாள்.

*

"யாரும்மா நீங்க?" என்றார் சிஸ்டர்.

"இவளுக்கு அத்தை. மாமியாராகப் போறவ. இன்னும் ஆகல." ருக்மணி மூச்சு வாங்கினாள். "தாம்பூலம் மாத்தியிருக்கு, அவ்வளவுதான். பேரைச் சொல்லக் கூடாதுன்னு இவ வாயைக் கட்டினவ நான். தப்பு எம்மேலதான் மிஸ்ஸி."

"நிச்சயம் ஆனதுக்கேவா?" சிஸ்டரின் புருவம் ஏறியது. "சரி, ஆகலைன்னே வச்சுக்குவோம். நாளைக்கு இதே பேருல பத்து நோயாளி வருவாங்க. அப்பவும் இவ வாயை மூடிட்டு நிப்பாளா? அவங்க உயிருக்கு யாரு பொறுப்பு?"

கட்டுப் போட்ட தலைகள் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தன.

அத்தை பூங்காவனத்தைப் பார்த்துத்தான் பேசினாள். "உங்க மாமாவை ஜப்பான்காரன் சயாம் ரயிலுக்குப் பிடிச்சுட்டுப் போனான்ல? சண்டை முடிஞ்சு கொஞ்சம் பேரு திரும்பி வந்தாங்க. விசாரிக்கப் போனேன். பேரென்னான்னு கேட்டாங்க. நான் சொல்லல. உசரமா இருப்பாரு, இடது புருவத்துல தழும்பு இருக்கும்னு அடையாளம் சொன்னேன். சயாம்ல எலும்பும் தோலுமா கெடந்தவங்கள்ல உசரம் என்ன, தழும்பு என்ன? அவங்க உதட்டைப் பிதுக்கிட்டுப் போயிட்டாங்க." முந்தானையால் வாயைத் துடைத்தாள். "ஒரு நாளும் அவர் பேரைச் சொன்னதில்ல நான். அவருக்கு ஆயுசு கூடுச்சா?"



"அண்ணாமலை" என்றாள் அத்தை. புதுச் செருப்பைக் காலில் போட்டுப் பார்ப்பதுபோல் மெதுவாக இன்னொரு தடவை சொன்னாள். "அண்ணாமலை. அவ்வளவுதான். நீயும் சொல்லுடி. எம்மவனுக்கு ஒண்ணும் ஆகாது. அப்படி ஏதும் ஆனா அதுக்கு நான் பொறுப்பு."

சிஸ்டர் தட்டை எடுத்துப் பூங்காவனத்திடம் நீட்டினார். "முதல்லேருந்து."

பூங்காவனம் நாலாம் கட்டிலுக்கு நடந்தாள். கட்டுப் போட்ட முகத்தோடு ஓர் உருவம் கழுத்துவரை போர்வைக்குள் படுத்திருந்தது. வாய் மட்டும் ஏற்கெனவே குருவிக்குஞ்சு மாதிரி திறந்திருந்தது.

கண்ணை மூடினாள். மாரியம்மா, தம்பின் ரோட்டு வளைவை நீ பார்த்துக்கோ.

"கலியாணசுந்தரம்!"

கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

"உம், உம், குடு" என்றது நாலாம் கட்டில்.

"இங்கதான்மா இருக்கேன்!" என்றது ஏழாம் கட்டில், ஜன்னலோரத்திலிருந்து.

"என்னா பூங்கா?" என்று அந்த ஜன்னலுக்கு வெளியிலிருந்து, ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த மூன்றாவது குரல் வந்தது.

பூங்காவனத்தின் கை கிளாஸோடு பாதியில் நின்றது. குனிந்து கட்டிலில் இருந்தவரை உற்றுப் பார்த்தாள். தச்சருக்கு நரைத்த மீசை உண்டு. இவருக்கு மீசையே இல்லை.

"ஐயா, உங்க சொந்தப் பேரைச் சொல்லுங்க."

"அதான் நீயே சொன்னியே."

"நான் சொன்னது இருக்கட்டும். உங்கம்மா உங்களை எப்படிக் கூப்பிட்டாங்க?"

வாய் மூடிக்கொண்டது. பிறகு பலவீனமாக, "பொன்னையா" என்றது.

சிஸ்டர் இரண்டே எட்டில் வந்துவிட்டார். "பொன்னையாவா? சர்க்கரை வியாதிக்காரருக்கு நாலாம் கட்டில்ல என்ன வேலை?"

"இந்தப் பொண்ணு வெளியே போன நேரத்துல, ஜன்னல்கிட்ட காத்து வரும்னு அவருதான் மாத்திக்கலாமான்னு கேட்டாரு" என்றார் பொன்னையா.

"அடப்பாவி! நீதானேய்யா வந்து கெஞ்சின!" ஏழாம் கட்டிலிலிருந்து தச்சர் கத்தினார். "கிளாஸ்ல சர்க்கரைத் தண்ணின்னு அந்தப் பொண்ணு மீனாச்சி சொன்னதும் எச்சில் ஒழுகினது யாரு?"

"ஆறு மாசமா கோப்பியில கூட இனிப்பு இல்லம்மா" என்றார் பொன்னையா பூங்காவனத்திடம், பச்சைப் பிள்ளை மாதிரி. "ஒரு முழுங்கு. சிஸ்டர் அந்தப் பக்கம் பார்க்கட்டும்."

"மாட்டேன் தாத்தா." அவர் போர்வையைச் சரியாக இழுத்துவிட்டாள். "கோவிச்சுக்காதீங்க."

தட்டோடு ஏழாம் கட்டிலுக்குப் போனாள். "கலியாணசுந்தரம்தானே?" இந்த முறை நாக்கு ஒட்டவில்லை.

"ஆமாம்மா. கலியாணசுந்தரம். தச்சு வேலை, புக்கிட் பாரு." மூச்சு விடாமல் குடித்துவிட்டு உதட்டைச் சப்புக்கொட்டினார், பொன்னையாவுக்குக் கேட்கும்படி.

சிஸ்டர் பாக்கியலட்சுமி சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார். "திங்கட்கிழமை காலையில வந்து சேரு. நகம் வெட்டிட்டு வரணும். கையில வளையல் கூடாது." ஜன்னல் பக்கம் திரும்பி, "வெளியே நிக்கிற கலியாணசுந்தரத்துக்கும் சொல்றேன். ரெண்டு வருஷம். ஒரு நாள் குறைஞ்சாலும் இவளை அனுப்பிடுவேன்" என்றார்.

ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு தலை பணிவாக ஆடியது.

*

வீட்டுக்கு நடக்கும்போது அத்தை முன்னால் போனாள், வழக்கத்தைவிட மெதுவாக. அவள் உதடு அசைவதைப் பூங்காவனம் பார்த்தாள். என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை.

கலியாணசுந்தரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பக்கத்தில் நெருங்கி வந்தான். "பூங்கா, இன்னொரு தடவை சொல்லேன்."

"எதை?"

"எம்பேரைத்தான். உன் வாயால கேக்க எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? அதுவும் அந்தத் தச்சருக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு."

பூங்காவனம் முன்னால் போகும் அத்தையின் முதுகை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

"வார்டுல படுத்திருக்கிறவங்களுக்கு மட்டும்தான் அத்தான். வேணும்னா நீங்களும் ஒரு கண்ணைக் கட்டிக்கிட்டு வந்து படுங்க. நாள் பூராக் கூப்பிடுறேன்."