ஞாயிற்றுக்கிழமைக் கயிறு

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைப் புதைத்து வேகவைக்கிற அடுப்புக் குழியின்மேல் கடைசிக் கூடை மண்ணைக் கொட்டி மூடிக்கொண்டிருந்தபோதுதான் ஃபூசிக்கு அந்த மூச்சுச் சத்தம் சரியில்லை என்று பட்டது. மூன்று வாரமாக வளைகுடாவில் ஒரு தாய்த் திமிங்கிலமும் அதன் குட்டியும் தங்கியிருந்தன. தாய்க்கு நீளமான, நிதானமான மூச்சு. குட்டிக்குத் தும்மல் மாதிரி, புசுக்கென்று ஒன்று. குட்டி ஓரிடத்தில் நிற்காது. ஒரு மூச்சு படகுத்துறைப் பக்கம் கேட்டால் அடுத்தது முனைப்பாறைப் பக்கம் கேட்கும். கணவன் செமிசி ஆப்பிள் பறிக்க நியூசிலாந்து போய் ஐந்து மாதமாகிறது. தனியாகப் படுத்திருக்கிறவளுக்கு அந்த இரண்டு மூச்சும் வீட்டு ஆட்களின் மூச்சு போலப் பழகிவிட்டிருந்தன. இன்றைக்குச் சின்ன மூச்சு ஒரே இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அதுவும் அவசர அவசரமாக.

கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கரைக்கு இறங்கிப் பார்த்தாள். வெள்ளைப் பிளாஸ்டிக் கேன் ஒன்று தண்ணீருக்குள் இழுபடுவதும் வெளியே குதிப்பதுமாக இருந்தது. அதன் பக்கத்தில் குட்டியின் கறுத்த தலை. கேன் அவளுடையது. அதன் அடியில் கட்டியிருந்த கயிறும் அவளுடையதுதான்.

பாய் பின்னுகிற பெண்கள் எல்லாருமே தாழை ஓலையை வேகவைத்து, கட்டுக்கட்டாகக் கயிற்றில் கோத்து, கடலில் பத்து நாள் ஊறப்போடுவார்கள். அப்போதுதான் ஓலை வெளுக்கும். போன வருஷம் ஃபூசி நார்க்கயிற்றில் கட்டிப் போட்டாள். அது அற்றுப்போய், பதினோரு பெண்களின் ஓலையும் பக்கத்துத் தீவுக்கு மிதந்து போயிற்று. வருஷம் முழுக்கப் பேச்சு. ஃபூசி என்றாலே சிரிப்பு. அந்த ரோஷத்தில் இந்தத் தடவை செமிசியின் நீல நைலான் கயிற்றை எடுத்து, ஒரு முனையில் பழைய படகு எஞ்சினைக் கட்டி, தெளிந்த தண்ணீர் வேண்டுமென்று ஆழத்தின் விளிம்பிலேயே இறக்கிவிட்டாள். எஞ்சின் பவளப்பாறை இடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. "சுறா கடிச்சாலும் அறாது" என்று பெருமையடித்துக்கொண்டது வேறு. அறவில்லைதான்.

"என்னடி, கடலயே பாத்துக்கிட்டு நிக்கறே? செமிசி நீந்தி வந்துடுவான்னா?" வேலிக்கு அந்தப் பக்கம் லூபே கோயிலுக்கு உடுத்தித் தயாராக நின்றாள். பதினோரு பேரில் அவளும் ஒருத்தி. ஃபூசி கையை நீட்டிக் காட்டினாள். லூபே கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"ஐயோ, வால்லயா சுத்தியிருக்கு?"

"அப்படித்தான் தெரியுது. வால் கீழ மாட்டி, தலை மட்டும் மேல நிக்குது."

"கடவுளோட மிருகம், கடவுள் பாத்துக்குவார். நீ போய்த் துணிய மாத்து, மொத மணி அடிச்சாச்சு." நாலு அடி போனவள் திரும்பி வந்து, "ஓலைய அறுத்து கிறுத்து விட்டுடாதே. அதுல என் பங்கும் இருக்கு" என்றாள்.

எங்கள் தோங்காத் தீவுகளில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஞாயிற்றுக்கிழமை. படகு இறக்கக்கூடாது, வலை வீசக்கூடாது, துணி துவைக்கக்கூடாது, குளிக்கக்கூடக் கடலில் இறங்கக்கூடாது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், சட்டத்துக்கு முன்னால் ஊர் இருக்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி எங்கே கிடைக்கும்? ஃபூசியும் ஒன்றும் துணிச்சல்காரியில்லை. கடவுளுக்கும் பயப்படுவாள், லூபேக்கும் பயப்படுவாள். ஆனால் கடல் ஏறிக்கொண்டிருந்தது. ஏழு மணிக்குத் தண்ணீர் வடிந்து கிடந்தபோது குட்டியின் தலை முழுக்க வெளியே இருந்திருக்கும். இப்போது ஒன்பது. மூச்சுத் துளை மட்டுமே மேலே எட்டியது, அதுவும் உந்தி உந்தி. ஒரு மணிக்குத்தான் உச்ச நீர். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். அந்தக் குட்டிக்கு இன்னும் ஒரு சாண்தான் பாக்கி.

தனியாகப் போகலாமா என்று யோசித்தாள். முக்குளித்துச் சிப்பி எடுத்துப் பழகியவள்தான். ஆனால் அவள் கீழே போகும்போது நீரோட்டத்தில் படகைப் பிடித்து நிறுத்த ஓர் ஆள் வேண்டும். ஊரில் அவள் கேட்டு மறுக்க முடியாத ஆள் ஒருவன்தான் இருந்தான். அவன் அவள் தம்பி ஃபொலாவு. ஊர் அதிகாரி. ஞாயிற்றுக்கிழமை படகு இறக்குகிறவர்களின் பெயரை எழுதி அனுப்புகிறவனும் அவனேதான்.

அவன் வீட்டு வாசல்வரை போய், உள்ளே போகாமல் சுவரோரம் நின்றாள். அக்காவும் தம்பியும் ஒரு வயதுக்குமேல் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து பேசிச் சிரிக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. அவள் இருக்கும் இடத்தில் அவன் கெட்ட வார்த்தை பேசமாட்டான். அவன் இருக்கும் அறையில் சினிமா ஓடினால் அவள் எழுந்து போய்விடுவாள். சின்ன வயதில் ஒரே மாமரத்தில் தொங்கியவர்கள்தான். அதற்கப்புறம் நாற்பது வருஷமாக இரண்டு பேரும் ஒரு பொருளைச் சேர்ந்து நின்று பார்த்ததில்லை. மரியாதை என்றால் அப்படி.

"தம்பி."

உள்ளே ஏதோ கீழே விழுந்தது. அக்கா ஆள் அனுப்பாமல் நேரில் வந்தால் சாவுச் சேதியாகத்தான் இருக்கும்.

"அக்கா? என்ன ஆச்சு?"

அவள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். அவன் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டான்.

"நாளைக்கு விடியறதுக்கு முன்னால நான் வரேன், அக்கா."

"கடல் நாளைக்கு வரைக்கும் காத்துக்கிட்டு நிக்குமா?"

"போன மாசம்தான் முனைப்பாறைக்காரன் பேர எழுதி அனுப்பிச்சேன். அவன் புள்ளைக்கு மீனுன்னு அழுதான். நான் கேக்கல."

"நம்ம பன்னி குழியில விழுந்தா விட்டுருவியா?"

"பன்னி நம்முது. அது யாருது?"

"கயிறு என்னுது, தம்பி."

கோயிலில் இரண்டாம் மணி அடித்தது. அவன் பாடகர் குழுவில் அடிக்குரல். இன்றைக்குப் பக்கத்துத் தீவுச் சபையார் வேறு வந்திருந்தார்கள். அவனில்லாமல் பாட்டு எடுபடாது என்பது அவளுக்கும் தெரியும். அக்காவின் சொல்லைத் தம்பி தட்டக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனாலேயே நல்ல அக்கா வாயைத் திறந்து எதையும் கேட்கமாட்டாள். ஃபூசி இந்த வயதுவரை அவனிடம் ஒரு தேங்காய்கூடக் கேட்டதில்லை.

"நான் கேக்க வரல. சொல்றேன். வா" என்றாள். சொன்னதும் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அவன் வெளியே வந்தான். கறுப்பு வேட்டி, டை, கோயிலுக்குப் போக மரியாதையாக இடுப்பில் சுற்றிக் கட்டுகிற பாய். தலை குனிந்திருந்தது. அவளுக்குப் பத்தடி பின்னாலேயே நடந்து வந்தான்.

படகைத் தள்ளி இறக்கி, எஞ்சின் போட்டால் ஊரே கூடிவிடும் என்று துடுப்புப் போட்டான். அவள் படகின் மூக்கில் உட்கார்ந்து கிழங்கு வெட்டுகிற கத்தியை மடியில் வைத்திருந்தாள். கரைமேட்டுக் கோயிலில் முதல் பாட்டு எழும்பியது. ஜன்னல்களெல்லாம் திறந்திருந்ததால் தண்ணீர்மேல் அது தெளிவாக வந்தது. பெண்குரல்கள் வானத்துக்குப் போயின. அடியில் தாங்க ஆளில்லை. ஃபொலாவு துடுப்பை நிறுத்தாமலே உதட்டைக் கடித்துக்கொண்டான். இந்நேரம் ஒவ்வொரு தலையும் அவனுடைய காலி இடத்தைத் திரும்பிப் பார்த்திருக்கும்.

கேன் பக்கத்தில் வந்ததும் அவன் எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தான். நனைந்த துணியில் அக்காவைப் பார்க்கக்கூடாதல்லவா. "கூப்பிட்டா ஒழிய திரும்பாதே" என்று அவளும் சொன்னாள். சொல்லத் தேவையே இல்லை.

இறங்கினாள். குட்டி செங்குத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நீலக்கயிறு வாலைச் சுற்றி இரண்டு மடிப்பு, தோலுக்குள் புதைந்து. வெளுத்த ஓலைகள் கயிற்றிலிருந்து பிரிந்து சுற்றிலும் ஆடின. கத்தியை வைத்து ராவினாள். அறவில்லை. மூச்சு முட்ட மேலே வந்தாள்.

"அக்கா?"

"இருக்கேன். திரும்பாதே."

இரண்டாம் முறை ஒரு மடிப்பு அற்றது. குட்டி துடித்தது. வால் அவள் தோளில் உரசிப் போனதில் ஒரு கணம் எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. மேலே வந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமினாள். குட்டி மூச்சுவிடுவதற்காக எம்பியது. அலை அதன் துளைமேலேயே ஏறி மூடியது. தும்மல் சத்தம் பாதியில் நின்றது. 'ஆண்டவரே, தப்பு என்னுது, அத எடுத்துக்காதீங்க' என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். ஃபொலாவின் முதுகு விறைத்தது.

மூன்றாம் முறை பல்லைக் கடித்துக்கொண்டு கத்தியை இழுத்தாள். விண்ணென்று தெறித்து விட்டது கயிறு. இனி மேலே போகவேண்டியதுதான். அப்போதுதான் கீழே பார்த்தாள்.

கடலின் தரை என்று இவ்வளவு நேரமாக அவள் நினைத்திருந்தது எழும்பி வந்தது. தாய் அது. இந்தப் பக்கமும் முடியவில்லை, அந்தப் பக்கமும் முடியவில்லை. இரண்டு கைத்துடுப்பையும் மடக்கிக்கொண்டு அது கீழேயே அசையாமல் காத்திருந்திருக்கிறது, அவள் மூன்று தடவை வந்து போகிறவரை. ஒரு புரட்டுப் புரண்டிருந்தால் அவளும் படகும் தம்பியும் சுள்ளி. கண் அவளுக்கு நேராக வந்தது. அதில் கோபமில்லை, நன்றியுமில்லை. அவளைப் பார்த்தது, அவ்வளவுதான். பிறகு ஒரு சத்தம். காதில் அது கேட்கவில்லை. விலா எலும்பில், பல்லில், வயிற்றில் கேட்டது. ஐம்பது வருஷமாகக் கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு எதைத் தேடினாளோ அது கண்ணைத் திறந்துகொண்டிருக்கும்போது வந்துவிட்டதாகத் தோன்றியது. பயம் போய்விட்டது. மூச்சு என்று ஒன்று வேண்டும் என்பதும் போய்விட்டது. கத்தி கைநழுவிக் கீழே போவதை யாரோ ஒருத்தியின் கத்தி போவதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே ஃபொலாவு எண்ணிக்கொண்டிருந்தான். அறுபது. எழுபது. அவள் கூப்பிடவில்லை. எண்பதில் வழக்கமாவது மண்ணாவது என்று திரும்பி, இடுப்புவரை தண்ணீருக்குள் கவிழ்ந்து, தானாக மிதந்து ஏறிவந்தவளைக் கைக்குக் கிடைத்த இடத்தில் பிடித்து இழுத்தான். கிடைத்தது அவள் தலைமுடி. எங்களிடம் அக்காவின் தலையைத் தொடுவது எப்பேர்ப்பட்ட குற்றம் என்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொத்தாகப் பிடித்து, அள்ளி, மீனைப் போடுகிற மாதிரி படகில் போட்டான்.

"உயிரோட இருக்கீங்களா? என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க கீழ?" அவன் கத்தினான். அக்காவிடம் கத்தினான்!

"குட்டி?" என்றாள்.

குட்டி இல்லை. கேன் அனாதையாக மிதந்தது. ஓலைகள் தண்ணீரெங்கும் பரந்து கிடந்தன. இரண்டு பேரும் விளிம்பில் கையூன்றிக் குனிந்து நீலத்தையே பார்த்தார்கள். ஒரு நிமிஷம். அதற்கும் மேல். அறுத்துவிட்டும் செத்துப்போயிற்றா? முழுகிப்போன பிறகுதான் அறுத்தேனா? அவளுக்கு அழுகை முட்டியது.

படகின் பக்கத்தில் தண்ணீர் மெல்ல வீங்கியது. தாயின் முதுகு ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. அதன்மேல் குறுக்கே, தூளியில் போட்ட பிள்ளை போல, குட்டி கிடந்தது. வாலில் நீலத் துணுக்கு ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. புசுக்.

நாற்றமடிக்கிற அந்தத் தூறல் இரண்டு பேர் முகத்திலும் விழுந்தது. ஃபொலாவு வாயைத் திறந்தபடி இருந்தான். அவன் தோள் அக்காவின் ஈரத்தோளில் இடித்துக்கொண்டிருந்தது. "அக்கா, பாருங்க, பாருங்க" என்றான், ஆறு வயதில் மாமரத்தில் சொன்ன அதே குரலில். "பாத்துக்கிட்டுத்தாண்டா இருக்கேன்" என்றாள் அவள். அவர்கள் கண்ணெடுக்காமல் பார்த்தார்கள்.

பாட்டு எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. சத்தமே இல்லாதது உறைத்த பிறகுதான் பயம் திரும்பி வந்தது. இனி மன்னிப்புக் கேட்க வேண்டும், தம்பி தங்கள் பெயரையே எழுதி அனுப்ப வேண்டும், அவன் பதவி போகும், பதினோரு பேர் ஓலைக்குப் பதில் சொல்ல வேண்டும். ஈரத்துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கரையைத் திரும்பிப் பார்த்தாள்.

கோயில் காலியாக இருந்தது. சபை முழுக்கக் கீழே இறங்கி வந்திருந்தது. கறுப்பு உடையும் இடுப்புப் பாயுமாக, வரிசை குலைந்து, பக்கத்துத் தீவு விருந்தாளிகளும் கலந்து. லூபே வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். எல்லாருக்கும் முன்னால் போதகர், வேதப்புத்தகத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார். ஏன் தூக்கியிருக்கிறார் என்பது ஃபூசிக்கு ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது. நனையாமலிருக்கத்தான். அவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஊரே முழங்காலளவுத் தண்ணீரில் நின்றது. நனைவதை யாரும் குனிந்து பார்க்கவில்லை. பாய்கள் நனைந்து தொங்க, அவர்கள் இன்னும் ஓரடி, இன்னும் ஓரடி என்று உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.