தண்ணீர் பட்டால் வெளுக்கும்

தவச்செல்வன் போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தான். சனியன், களக் களக் என்று நின்று நின்று ஊற்றியது. இன்றைக்கென்று அவசரமே இல்லாமல் இவ்வளவு ஆறுதல்.

சமையலறைக்கு வெளியே, சுவிஸ் மலைப் பள்ளத்தாக்கின் அந்தச் சின்ன உணவகத்தில், ஊர்ப் பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டிருந்தார். ஏழு வருடம் அகதியாக இழுபட்ட தவச்செல்வனுக்கு வதிவிட பெர்மிட் கிடைப்பதும் கிடைக்காததும் அவர் தரப்போகும் நன்னடத்தைக் கடிதத்தில் தொங்கியது.

அவன் கையிலிருந்ததோ அப்சிந்த். 1910இலிருந்து சுவிஸில் தடைசெய்த சாராயம். முதலாளியம்மா அதை வினாகிரிப் போத்தலில் ஒளித்து வைத்திருந்தாள். தெரிந்த ஆட்களுக்கு மட்டும் கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, குளிர்ந்த தண்ணீரைத் துளித் துளியாக விடுவாள். பளிங்காக இருந்தது பாலாகும்வரை எல்லாரும் பூசை பார்ப்பதுபோல வாய்மூடிக் காத்திருப்பார்கள். குடிக்கிறதுக்கு இவ்வளவு சடங்கோ என்று இரண்டு வருடமாக அவனுக்கு எரிச்சல்.

யாழ்ப்பாணத்தில் கசிப்பு என்ற கள்ளச்சாராயம் காய்ச்சும் ஒழுங்கையில் வளர்ந்தவனுக்கு ஒரே ஒரு சடங்குதான் தெரியும். பொலிஸ் வந்தால் ஊற்று.

ஊற்றினான். கோப்பை கழுவும் தொட்டியில் தண்ணீர் நின்றதை மறந்துபோனான். தொட்டி முழுக்க வெளுத்தது. பதறிக் குழாயைத் திறந்தான், இன்னும் வெளுத்தது. பெருஞ்சீரக வாசம் குப்பென்று கிளம்பிக் கதவிடுக்கால் வெளியே போனது.

உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த மனைவி மனோகரி எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, டெற்றோல் கரைச்சு வைச்சிருக்கிறியள்?"

"பொலிஸ் வந்திட்டான். அடைப்பைப் பிடுங்கும்."

"நானோ? முதலாளியம்மாட்டைக் கேட்டுப்போட்டு ஊத்தியிருக்கலாமெல்லோ. கேட்டுச் செய்தால் உங்கடை கிரீடம் விழுந்திடும்."

பல்லைக் கடித்துக்கொண்டு தானே கையை விட்டுப் பிடுங்கினான். தொட்டி வடிவதற்குள் முதலாளியம்மா உள்ளே வந்து, கடிதம் தயார், பொலிஸ்காரர் கூப்பிடுகிறார் என்றாள். மூக்கை உறிஞ்சினாள். தொட்டியைப் பார்த்தாள். பிறகு கதிரையில் இருந்துவிட்டாள்.

தவச்செல்வன் ஈரக் கையோடு போய் நின்றான். கடிதம் மேசையில் விரிந்து கிடந்தது. நல்லபடியாகத்தான் எழுதியிருந்தார்; கையெழுத்து மட்டும் இல்லை. பக்கத்தில் இரண்டு வெறுங் கிளாஸ், ஒரு ஜாடி குளிர்தண்ணீர். பொலிஸ்காரர் பேனா மூடியைத் திறக்கவில்லை.

"முதலில் ஆளுக்கொரு கிளாஸ், பிறகு கையெழுத்து," என்றார். "போன மாதம் நான் காய்ச்சிக் கொடுத்த போத்தலைக் கொண்டு வா."