பெயர் குறிப்பிட்டால் போதும்

கரீன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையின் எஃகு மேசையில் உரித்தது ஒரு பக்கம், நறுக்கியது மறுபக்கம் குவிந்து கிடந்தது. அடுப்பில் இரண்டு பெரிய அண்டாக்கள். கூடத்திலும் மாடி வகுப்பறைகளிலும், எதையும் யாரும் எடுத்துத் திருத்திப் பகிரலாம் என்னும் கட்டற்ற மென்பொருள்காரர்களின் வருடாந்தரக் கூட்டம். பிப்ரவரி மழையில் நனைந்த கோட்டுகளோடு வந்திருந்த அத்தனை பேருக்கும் மதியம் சூப் ஊற்றியாக வேண்டும்.

கெண்ட் நகரத்தில் அந்தக் கட்டடத்தை அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு. வார நாள்களில் விடியுமுன் வந்து அந்தக் கூடத்தைத் துடைப்பவள் அவள்தான். சனிக்கிழமையும் அங்கேயே வந்து நின்றது புருஷனுக்காக. பாவோ டிராம் ஓட்டுநர். ஓய்வு நாளெல்லாம் இந்தக் கூட்டத்துக்குத்தான்: பழைய கணினிகளுக்கு உயிர் கொடுப்பான், மேசை தூக்குவான், படம் எடுப்பான்.

"அண்டாவைத் தூக்க ஆள் கேட்டா கேமராவைத் தூக்கிட்டு வர்றே" என்றாள் கரீன்.

"மேலே ஒரு பாட்டுக்காரனோட சண்டை. தன் பாட்டை ஊருக்கே குடுப்பானாம், ஆனா வியாபாரி மட்டும் தொடக்கூடாதாம். பூட்டையும் போட்டுட்டு அதுக்குச் சுதந்திரம்னு பேரும் வைப்பியாடான்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"மூஞ்சியத் திருப்பிட்டுப் போயிட்டான்."

"பசியா இருக்கும். சூப்பு ஆகட்டும், நான் சமாதானம் பண்ணிக்கறேன். உன் வாய்க்கு நான் எத்தனை பேருக்குத்தான் சூப்பு ஊத்தறது?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கண்ணில் வெங்காயத் தண்ணீர். அவள் கழுத்தில் பச்சை நாடா தொங்கியது. படம் எடுக்கச் சம்மதிப்பவர்களுக்குப் பச்சை, வேண்டாதவர்களுக்குச் சிவப்பு. அது அந்தக் கூட்டத்தின் வழக்கம். பாவோ கேமராவை உயர்த்தினான்.

"யோவ், அழுதுட்டே சிரிக்கிற மூஞ்சி யாருக்குய்யா வேணும்?"

"உலகத்துக்கே."

"எடுத்துக்கட்டும். அப்படியே இந்தப் பாத்திரத்தையும் வந்து கழுவிட்டுப் போகச் சொல்லு."

அண்டாவை இறக்கும்போது அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றாள். சுளுக்கு என்றாள். சாயங்காலம் பாவோ அன்றைய படங்களையெல்லாம் வழக்கம்போல இணையத்தில் ஒரு பொதுத் தளத்தில் ஏற்றினான். அந்தப் படத்துக்கு 'சமையலறையில் வெங்காயம் நறுக்கும் பெண்' என்று எழுதினான். யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம், வியாபாரத்துக்கும்கூட. படம் பிடித்தவர் பெயரைக் குறிப்பிட்டால் போதும். அதுதான் அவன் எப்போதும் கொடுக்கும் உரிமம்.

சுளுக்கு இல்லை. புற்றுநோய் எலும்புவரை போய்விட்டிருந்தது.

கரீனுக்கு வேலை கொடுத்தது ஓர் ஆளனுப்பும் நிறுவனம். ஒப்பந்தம் ஒரு வாரத்துக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை மாலை கைப்பேசி ஒலிக்கும். திரையில் 'சம்மதம்' என்பதை அழுத்தினால் அடுத்த வாரம் வேலை. ஆறு வருஷமாக அழுத்திக்கொண்டிருந்தாள். மருத்துவமனையில் சேர்ந்த வாரம் கைப்பேசி ஒலிக்கவில்லை. வேலையை விட்டு நிறுத்தினார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கைப்பேசியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"போடி வெளியேன்னு சொல்லியிருந்தா நாலு திட்டாவது திட்டியிருப்பேன்" என்றாள் ஒருநாள். "இப்ப யாரைத் திட்டறது?"

ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தாள்.

நவம்பரில் ஒரு காலை, பாலத்தடி நிறுத்தத்துக்காகப் பாவோ வேகத்தைக் குறைத்தான். கண்ணாடித் தடுப்புக்குள் விளம்பரம் மாற்றியிருந்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் கரீன் சிரித்துக்கொண்டிருந்தாள், ஆள் உயரத்துக்கு. கையில் கத்தி, கண்ணோரம் ஈரம். தலைக்கு மேலே 'எங்கள் ஆட்களே எங்கள் பலம்' என்று எழுதியிருந்தது. அடியில் அந்த ஆளனுப்பும் நிறுவனத்தின் தொலைபேசி எண். ஓரத்தில் பொடி எழுத்தில் அவன் பெயரும் உரிமத்தின் பெயரும், ஒரு பிழையில்லாமல்.

கதவைத் திறந்தவன் மூட மறந்துவிட்டான். "என்னப்பா, தூங்கிட்டியா? நாங்க வேலைக்குப் போகணும்!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

வேலை முடிந்ததும் சீருடையோடே நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனான். முன்மேசையில் ஓர் இளம்பெண் இருந்தாள். அவளுக்குப் பின்னாலிருந்த சுவரிலும் அதே படம்.

"அது என் பொண்டாட்டி" என்றான்.

"அப்படியா சார்! ரொம்ப நல்லா வந்திருக்காங்க. எங்க தலைமை அலுவலகத்துல எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு."

"ஆறு வருஷம் உங்ககிட்டதான் வேலை பார்த்தா."

பெண் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். "இல்ல சார், இது பொதுத் தளத்துலேருந்து எடுத்தது. பாருங்க, படம் பிடிச்சவர் பேருகூடப் போட்டிருக்கோம்."

"அதுவும் நான்தான்."

அந்தப் பெண் கரீனின் பெயரைக் கேட்டுக் கணினியில் தட்டினாள். "கரீன்... ஆமா சார், இருக்காங்க. 'தற்சமயம் வேலைக்கு வர இயலாதவர்'னு காட்டுது. எப்ப திரும்ப வருவாங்க?"

"ஆகஸ்ட்ல செத்துப்போயிட்டா."

அவள் கை விசைப்பலகையிலிருந்து இறங்கியது. "மன்னிச்சிடுங்க சார். நான் வந்தே ரெண்டு மாசம்தான்." பிறகு உள்ளறைக் கதவைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் வாராவாரம் ஒப்பந்தம்தான் சார். எழுதிக் குடுங்க, மேலே அனுப்பறேன்."

அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தான். என் மனைவியின் படத்தை எடுத்துவிடுங்கள், என் பெயரை உங்களோடு சேர்த்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை என்று.

பதில், அடுத்த வருஷக் கூட்டம் நடந்த சனிக்கிழமைக்கு முந்தின நாள்தான் வந்தது. கூட்டத்துக்கு அவன் கேமரா எடுத்துக்கொள்ளாமல் போனான். கூட்டத்தை நடத்தும் டினேக்கே நூலகத்தில் வேலை செய்பவள். உரிமங்களின் ஒவ்வொரு வரியும் அவளுக்கு மனப்பாடம். சமையலறையில் அந்த வருஷம் அடுப்பு மூட்டவில்லை. கடையிலிருந்து வந்த ரொட்டிப் பெட்டிகள் எஃகு மேசையில் அடுக்கியிருந்தன. டினேக்கே அங்கேயே நின்று அவன் கைப்பேசியை வாங்கிப் பதிலைப் படித்தாள்.

"கரீன் முகத்தைப் போடறதுக்குச் சம்மதம் ஏற்கெனவே இருக்காம். வாராவாரம் அவ அழுத்தின ஒப்பந்தத்துலேயே அப்படி ஒரு பத்தி இருக்காம்."

"அதை யாரு படிச்சா? கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள அழுத்திடுவா, இல்லேன்னா வேற ஆளுக்குப் போயிடும்."

"உரிமத்தையும் அவங்க மீறலை பாவோ." மேலே படித்தவள் நிறுத்தினாள். "'தங்கள் உணர்வுகளை மதித்து, உரிமத்தின் விதிப்படி, தங்கள் பெயரை விளம்பரத்திலிருந்து நீக்குகிறோம்.'"

"பேரையா? நான் படத்தை எடுக்கச் சொன்னேன்!"

"அப்படி ஒரு விதி நெஜமாவே இருக்கு. படம் பிடிச்சவருக்குத் தன் பேர் வேண்டாம்னா நீக்கிடணும். நீ எழுதினதுல அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டாங்க."

"இனிமேயாவது வியாபாரத்துக்குக் கூடாதுன்னு மாத்த முடியாதா?"

அவன் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்ததைக் கேட்டு டினேக்கே நிமிர்ந்து பார்த்தாள். கூடத்தில் யாரோ பேசி முடித்ததற்குக் கைதட்டல் எழுந்து அடங்கியது.

"இனிமே எடுக்கறவனுக்கு மாத்தலாம். ஏற்கெனவே எடுத்துக்கிட்டவன்கிட்டேருந்து திரும்ப வாங்க முடியாது" என்றாள். "உனக்குத் தெரியாததா? வழக்குப் போடலாம். இங்கேயே எல்லார்கிட்டயும் சொல்லி ஒரு வக்கீலைப் பிடிப்போம்."

"நீதிபதி என்னைக் கேட்பாரு. உலகமே எடுத்துக்கலாம்னு போட்டது யாருன்னு."

"கேட்கட்டுமே பாவோ."

"அவளும்தான் எடுத்துக்கட்டும்னு சொன்னா" என்றான். "பாத்திரம் கழுவவும் வரச் சொன்னாளே, அதை மட்டும் எவனும் கேட்கலை."

டினேக்கே சிரிக்கப்போய்ச் சிரிக்காமல் நின்றாள். ஒரு பெட்டியைப் பிரித்து ரொட்டியை அவன் பக்கம் தள்ளினாள். அவன் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை பாலத்தடியில் புதுத் தாள் ஒட்டியிருந்தார்கள். ஓரத்துப் பொடி எழுத்து இல்லை. அந்த இடம் வெள்ளையாக இருந்தது. கரீனின் முகத்தை முன்னைவிடக் கொஞ்சம் பெரிதாக்கியிருந்தார்கள்.

தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு பெண் அதன் எதிரில் நின்று தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தாள். டிராம் நின்றதும் முன்கதவு வழியாக ஏறினாள். பேச்சு வேற்றூர்க்காரியின் பேச்சாக இருந்தது.

"அண்ணே, இந்த ஆபீசுக்கு எங்க எறங்கணும்?"

பாவோ சாலையைப் பார்த்துக்கொண்டே, "மூணாவது நிறுத்தம்" என்றான்.

"நல்ல எடமாண்ணே? அந்தம்மா சிரிப்பைப் பார்த்தா நல்ல எடம் மாதிரிதான் தெரியுது."

பின்னால் ஏற வேண்டியவர்கள் ஏறி முடித்திருந்தார்கள். அவன் கதவை மூடினான். மூன்றாவது நிறுத்தத்தில் அவள் தள்ளுவண்டியைத் தூக்கி இறக்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனாள். கடைசி நிறுத்தத்தில் அடுத்த நடைக்கான பணித்தாளை வாங்கிப் பார்த்தான். அதே தடம்தான், பாலத்தடி வழியாக.